கொடி கட்டக் கூடாத நாட்கள்

முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே துணிக்கொடியைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார் வால்பூர்கா அம்மாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம். மறுமுனையில் என் மகளின் ஈரத்துணிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

“எடுங்க, எடுங்க. பொழுது சாயறதுக்குள்ள கொடி உள்ள போயாகணும். மூணு ராஜா திருநாள் முடிஞ்சுதான் இனிக் கட்டுறது.”

“அதுக்கு ஜனவரி ஆறு ஆயிடுமேம்மா.”

“ஆகட்டும். வருஷாவருஷம் வர்றதுதானே.”

அவர் வீட்டுக்காரம்மா; கணவர் அலோய்ஸோடு கீழ்த்தளத்தில் இருந்தார். நான் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன். கைக்குழந்தையோடு இந்த பவேரியச் சிற்றூரில் வேறு வீடு கிடைக்காது என்ற பயத்தில் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிவிட்டேன்.

பண்டிகை வந்தால் அவர் காவல்காரராகிவிடுவார். பெரிய வெள்ளியன்று நான் தரை சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஓட்டியபோது மாடிக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்தினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் ஒன்றொன்றாக ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்திகளில் முறை வராத ஒன்றை என் மனைவி ஏற்றிவிட, ஊதி அணைத்துவிட்டு, “அடுத்த ஞாயித்துக்கிழமை” என்று மட்டும் சொல்லிப் போனார். புனித நிக்கொலாஸ் இரவில் வந்து வால்நட்டும் மிட்டாயும் போட்டுப் போவார் என்று அவர் திருநாளுக்காக வாசலில் வைத்த என் காலணியைத் தூக்கிப் பார்த்து, “இதுக்குள்ள வால்நட் போட்டா வால்நட்டுக்குத்தான் அவமானம்” என்று எடுத்துப்போய்ப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அது வெள்ளைக் கித்தான் காலணி. இப்போது கறுப்பு.

கொடியைச் சுருட்டிய அன்று மாலையே சாம்பிராணித் தட்டோடு மேலே வந்துவிட்டார். அறைக்கு அறை புகை. கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவி அலற, குழந்தையும் அலறியது. “அதுக்கென்ன தெரியும்” என்று விளக்குமாற்றுக் கட்டையால் கருவியை ஒரு குத்து குத்தினார்.

இருபத்தாறாம் தேதி எங்களிடம் காய்ந்த துணி தீர்ந்துபோயிற்று. அன்றும் விடுமுறை, ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. அறையைச் சூடாக்கும் கம்பியில் நாலைந்து துணிக்கு மேல் பிடிக்காது. பொறுத்தது போதும் என்று திரைச்சீலைக் கயிற்றை உருவிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். அதைக் கட்டிக் கடைசிச் சட்டையைத் தொங்கவிடும்போது பின்னால் செருப்புச் சத்தம்.

“யார் செத்தாலும் பரவாயில்லையா உங்களுக்கு?”

“குழந்தை துண்டைச் சுத்திக்கிட்டுக் கிடக்குதும்மா.”

“இந்த ராத்திரிகள்ல ஆவிங்க ஊர்வலம் போகும். கொடியில சிக்கிச்சுன்னா அந்த வருஷமே வீட்ல ஒருத்தருக்குக் கோடி போடணும்.”

“இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?”

“போன வருஷம் வரைக்கும் நம்பல.” கயிற்றை அவிழ்த்தார். “இந்த வருஷம் அலோய்ஸ ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பிட்டாங்களே வீட்டுக்கு. இதயத்துக்கு இனிமே ஒண்ணும் செய்றதுக்கில்லையாம்.”

துணிகளையெல்லாம் மேலங்கியில் அள்ளிக்கொண்டு நடந்தார். கோபம் அடங்காமல் பின்னாலேயே போனேன்.

அவர் சமையலறையில் இஸ்திரிப் பெட்டி ஏற்கெனவே சூடாக இருந்தது. ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அலோய்ஸ் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அம்மாள் ஒரு குட்டிச் சட்டையை விரித்து ஆவி பறக்கத் தேய்த்து, கொண்டுபோய்க் கணவரின் கன்னத்தில் வைத்தார்.

“ஈரம் இருக்கா?”

அவர் அந்தச் சூட்டில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். “இருக்கு.”

மறுபடி தேய்த்தார். மறுபடி வைத்தார்.

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

அது காய்ந்து மொடமொடத்துவிட்டது எனக்கே தெரிந்தது. மேலே மகள் வீறிட்டாள். வாசலில் நின்று கையைப் பிசைந்தேன்.

“பொய்யப் பாரு கிழவனுக்கு” என்றார் வால்பூர்கா அம்மாள். அந்தச் சட்டையையே மறுபடியும் பலகையில் விரித்தார்.