கொடியடியில் ஆறு குடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் குதிரைப் பந்தயப் பாதைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் குதிரை வண்டி ஓட்டினார். ரயிலடியிலிருந்து கோயில், கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டு, ஆள் கிடைத்தால் எங்கே வேண்டுமானாலும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. அது நடந்தால் வீட்டில் உலை கொதிக்கும். அது படுத்தால் நாங்களும் படுக்க வேண்டியதுதான்.

அவருடைய சொந்த ஊர் வத்திராயிருப்புக்குப் பக்கம். பங்குனிப் பொங்கலுக்கு அங்கே குதிரை வண்டிப் பந்தயம் விடுவார்கள். கோயிலடியில் புறப்பட்டு, கம்மாய்க்கரை ஓரமாக மண் பாதையிலேயே போய், கடைசியில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். சொந்த ஊராயிற்றே என்று அவரும் பெயர் கொடுத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் குதிரையின் முன்னங்குளம்பில் வெடிப்பு. ஆணி பிடிக்காது என்று முன்னங்கால் இரண்டிலும் லாடத்தைக் கழற்றிவிட்டார் லாடக்காரர். "மெத்துனு இருக்க தரையில ஓடுனா ஒண்ணும் செய்யாது. கெட்டித் தரையில வேகமாத் திருப்புனா வெடிப்பு மேல ஏறிரும். பொறவு வண்டியில பூட்ட முடியாது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பேர எடுத்துருங்களேன்" என்றேன்.

"சொந்த ஊர்ல பேரக் குடுத்துட்டு ஒன் முந்தானைக்குள்ள ஒளியச் சொல்லுதியா?" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் குதிரையை மெள்ள நடத்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். பாதைக்குத் தண்ணீர் அடிக்க வேண்டிய டிராக்டர் அச்சு முறிந்து வழியில் நிற்கிறதாம். பங்குனி வெயிலில் பாதை அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. விழாக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "தெனமும் வாச தெளிக்கது நாங்கதான? மாட்டு வண்டியில ரெண்டு டிரம்ம ஏத்தி விடுங்க. தெருப் பொம்பளைக பாத்துக்கிடுதோம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வாசல் தெளிப்பது வேறு, பாதை நனைப்பது வேறு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. நாங்கள் பழக்க தோஷத்தில் கையால் அள்ளி அள்ளி விசிறிக்கொண்டிருந்தோம். மண்ணுக்கு நாக்கு நனைந்ததோடு சரி. என் வீட்டுக்காரர் வந்து காலால் சீய்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேல நனைஞ்சு உள்ள காஞ்சிருந்தா, ஓடின ஓட்டத்துல ஏடு ஏடாப் பேந்துக்கிடும். செம்மண்ணுல இப்பமே குடத்தோட ஊத்துங்க, விடிய விடியக் குடிக்கட்டும். காலைல புழுதி அடங்க லேசாத் தெளிச்சாப் போதும்." பிறகு கொடி நட்டிருந்த பக்கம் கையைக் காட்டினார். "அங்க மட்டும் ஊத்தாதீக. அது களிமண்ணு. ஊத்துனா எண்ணெ தடவுன மாதிரி ஆயிரும், லாடம் போட்ட காலு நிக்காது. தெளிங்க, அம்புட்டுதான்."

நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "அங்கதான நம்ம குதிரையத் திருப்பணும்? பாறையா இருக்கே அந்த எடம்."

"எல்லாருக்கும் ஒரே தரைதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெண்களுக்குக் கேட்கவா வேண்டும்? "ஏட்டி, புருசன் குதிரைக்கு மெத்தை விரிக்க வந்துட்டாடி இவ!" என்றாள் ஒருத்தி. "ஆமா, தலகாணியும் இருக்கு, நீயும் வந்து படு" என்றேன். சிரித்துக்கொண்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் பொழுது சாயும்வரை குடம் குடமாக ஊற்றினோம். செம்மண் குடிக்கக் குடிக்கக் கறுத்துக்கொண்டே வந்தது. அந்த மண்வாசனையில் எனக்குக் குதிரையின் கால்கூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

விடிந்ததும் புழுதி அடங்கத் தெளித்துக்கொண்டே கொடிவரை போனோம். வேலை முடிந்து மற்றவர்கள் காப்பி குடிக்க ஊருக்குள் போய்விட்டார்கள். டிரம் ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் வேப்ப மரத்தடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். டிரம்மில் மீதித் தண்ணீர் கிடந்தது. நான் குனிந்து திருப்பத்துத் தரையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல்தான் வலித்தது. அந்த வெடித்த குளம்பு கண்ணுக்குள்ளேயே நின்றது.

கொடியை ஒட்டி, வண்டிகள் நெருங்கித் திரும்புகிற உள்பக்கத்தில், ஆறு குடம் ஊற்றினேன். நம் குதிரைக்கு முன்னங்காலில் லாடம் இல்லை, அது ஊன்றிக்கொள்ளும். மற்றக் குதிரைகளுக்கு வழுக்குமே என்று தோன்றவில்லையா என்றால், தோன்றியது. ஐந்தாவது குடத்தில் தோன்றியது. அதற்குப் பிறகு ஊற்றியதுதான் ஆறாவது குடம்.

கொடி பார்க்க வந்த விழாக்காரர், "ஜம்முன்னு நனைச்சிருக்கியே தாயி!" என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

நான் கொடிக்குப் பக்கத்திலேயே கூட்டத்தோடு நின்றுகொண்டேன். முதலில் சின்னக் குதிரைகளை விட்டார்கள், ஐந்து வண்டி. புழுதி இல்லாததால் வெகு தூரத்திலேயே தெரிந்தன. முன்னால் எங்கள் வெள்ளை. வண்டி நீளம்கூட இடைவெளி இல்லாமல் பின்னால் ஒரு செவலை. அதை ஓட்டுகிறவரின் பச்சைத் துண்டைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் ராஜபாளையம் ரயிலடியில் வண்டி ஓட்டுகிற பாய். என் பிறந்த வீடு ராஜபாளையம்தான். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. அந்தச் செவலைதான் அவர் வீட்டுக்கு உலை. அவர் பந்தயத்துக்கு வருவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணே!" என்று கத்தினேன். விசில் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கொடியை நெருங்கினார். வெளுத்த களிமண்ணுக்கு நடுவில் அந்த இடம் மட்டும் கறுத்து மினுங்கியது. ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்படியே வளைத்துச் சுற்றியிருந்தால் ஜெயித்திருப்பார். அவரோ வாரை இழுத்து, வண்டியை ஈரத்துக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். செவலை ஒதுங்கி வெளிப்பக்கக் காய்ந்த தரையில் சுற்றித் தடுமாறித் திரும்பியது. பின்னால் வந்தவையும் அப்படியே வெளிவட்டமாகப் போயின. எல்லா வண்டியும் போன பிறகு, அவர் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு திரும்பினார்.

வேறு ஊர் வண்டி ஜெயித்தது. செவலை மூன்றாவது. கோயிலடியில் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு பாய்ந்தார். "ஏலே, மறிச்சு ஜெயிக்கப் பாத்தியா? நீயெல்லாம் ஒரு வண்டிக்காரனா? ஒன் கையில வார் குடுத்தவனச் சொல்லணும்!" அதற்கு மேலும் சொன்னார், எழுத முடியாது. விழாக்காரர்கள், குறுக்கே மறித்ததற்கு இனி இந்த ஊர்ப் பந்தயத்தில் இடமில்லை என்றார்கள். அது அவர் பிறந்த ஊர். தரை வழுக்கியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் யார் நனைத்தது என்று அடுத்த கேள்வி வரும். அவர் வாயைத் திறக்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். வீட்டு முன்னால் குதிரையின் குளம்பைக் கழுவிக்கொண்டே, "எத்தன குடம்?" என்றார்.

"ஆறு."

வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். மேலே ஏறவில்லை. "அந்தச் செவலைக்கும் நாலு காலுதான் புள்ள" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் அவர் வண்டி பூட்டிப் போனதும் நான் ராஜபாளையம் பஸ் ஏறினேன். ரயிலடியில் அண்ணன் செவலைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன், ஆறாவது குடம் உட்பட.

"அவன் சொல்லி அனுப்புனானா?"

"நான் வந்தது அவியளுக்குத் தெரியாது."

அண்ணன் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுப் பேருக்கு முன்னால, செத்துப்போன அவுக அப்பாவையும் சேத்துல்லா வைஞ்சேன்" என்றார். "ஒன் பேரு வந்துரக் கூடாதுன்னு அம்புட்டையும் தின்னுக்கிட்டு நின்னுருக்கான்."

என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை. கல்யாணமாகி ஏழு வருஷம், அந்த மனிதரை நான் பிடிவாதக்காரர் என்று மட்டுமே நினைத்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.