பெயர் வெட்டிய காகிதம்

என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில், ஓரம் வெட்டப்பட்ட ஒரு காகிதம் இருக்கிறது. "பிள்ளையை மனமொப்பிக் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி. கீழே நீல மையில் ஒரு கைநாட்டு. அதன் பக்கத்தில்தான் என்னைப் பெற்றவளின் பெயர் இருந்தது. அதை வெட்டியவர், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியம்மா.

மாத்தளையில் என்னை எடுத்து வளர்த்தவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நிச்சயமானதும், யார் வயிற்றில் பிறந்தேன் என்று தெரியாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பஸ் ஏறி மருத்துவச்சியம்மாவிடம் போனேன். தகரப் பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்தவர், நான் எட்டிப் பார்ப்பதற்குள் பெயரைக் கத்தரித்து அடுப்பில் போட்டார்.

"தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லீங்களா?" என்று கத்தினேன்.

"இருக்கு தாயி. இல்லேன்னு சொல்லல. ஆனா அவ இப்ப இன்னொரு வீட்ல வாழுறா. ஒன்னயப் பத்தி அங்க ஒருத்தருக்கும் தெரியாது. சொல்ல மாட்டேன்னு அவ கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

மிச்சக் காகிதத்தை என் கையில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தேன். அதன்பின் பல வருஷம் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கிய காலத்தில், ஒருநாள் அவரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். "எங்க தோட்டத்து ஆளுங்க இன்னைக்கு ரயிலேறுறாங்க. தேத்தண்ணி குடுக்க ஒரு கை கொறையுது, வா" என்றார். மறுக்க மனம் வரவில்லை. மாத்தளை ரயில் நிலையம் முழுக்க மூட்டை முடிச்சும் அழுகையுமாக இருந்தது. ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். அவசரத்தில் கைகளைத்தான் பார்த்தேன், கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள்.

ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மருத்துவச்சியம்மா வாய் திறந்தார்.

"ஒன் கையால ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுறேன்னு கேட்டா. குடிச்சிட்டா."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யார் என்று எவ்வளவோ கேட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்தும் விட்டார்.

பெற்றவளை அறிவது பிள்ளையின் உரிமை என்று இப்போது பேசுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் மருத்துவச்சியம்மாவை இன்று திட்ட வாய் வருவதில்லை. இந்தக் கைநாட்டைப் பார்க்கும்போதெல்லாம் அன்று கோப்பை வாங்கிய கைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஒரேயொருத்திதான் குடித்து முடித்த கோப்பையை மறுபடி நீட்டினாள்.

"எல்லாருக்கும் வேணுமில்லீங்களா, நகருங்க" என்றேன்.

நகர்ந்துவிட்டாள்.