குங்குமத்தில் எழுதிய பெயர்

ரப்பர் விலை விழுந்து தோட்டத்துத் தமிழர்கள் ஊர் திரும்பியதும், மலாயாவின் மூவார் ஊரில் எங்கள் மளிகைக் கடைக்குச் சீனர்கள்தான் கதி. அதனால் புதியவர்களுக்கான சீன மொழி வகுப்பில் சேர்ந்தேன். காலை முதல் மாலை வரை எழுதி எழுதி விரலே வீங்கிவிட்டது.

சரஸ்வதி பூஜையன்று, ஆசிரியை மெய்லிங்கின் பெயரைக் குங்குமம் குழைத்துச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஆசையாக நீட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"நான் இன்னும் சாகலையே?" என்றார் மலாய் மொழியில். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது சீனர்களுக்கு ஆகாதாம்!

"அலாமாக், ஐயோ டீச்சர்! எங்களுக்கு இது மங்கள நிறம். நீங்க நல்லா இருக்கணும்னுதான் எழுதினேன்" என்று பதறினேன்.

அவர் சிரித்துவிட்டார். ஈரம் காயாத பெயரை விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "இப்ப சரியாப் போச்சு லா!"

இப்போதெல்லாம் அவர் பெயரைக் கறுப்பு மையில்தான் எழுதுகிறேன். பூஜையன்று குங்குமத்தை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.