குழாய் வளைந்து போன இடம்

ஆவணக் காப்பகத்தில் அவளுக்குத் தூக்குமேடை அம்மா என்று பெயர். நேரில் பார்த்தால் மேடம், முதுகைத் திருப்பினால் தூக்குமேடை. அவளுக்கும் அது தெரியும், கண்டுகொள்வதில்லை. பூட்டு சாவி கடை வைத்திருந்த கணவர் காப்பகத்து ஆட்களையும் மிஞ்சுவார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனை பேரு?" என்பார். அவள் முறைத்தால், தட்டை எடுத்து வைத்துவிடுவார்.

இந்த வேலை தானாக வந்து அவளிடம் ஒட்டிக்கொண்டது. நகரத்துப் பழைய சிறையை இடித்தபோது, அங்கே கிடந்த கோப்புகளைக் கணினியில் ஏற்ற நீதிமன்றத் தட்டச்சர்கள் சிலரை அனுப்பினார்கள். தூக்குத் தண்டனைக் கோப்புகள் இவள் பங்குக்கு வந்தன. கைதியின் எடை, உயரம், கயிற்றின் நீளம், மருத்துவரின் கையெழுத்து. மளிகைக் கணக்கு போல அடித்துக்கொண்டே போனாள். ஒரு கோப்பின் கடைசித் தாளில், இறந்தவன் விட்டுப்போன சாமான்களாக ஒரு சீப்பும் ஒரு சட்டையும் எழுதியிருந்தது. பக்கத்தில், வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை என்று ஒரு குறிப்பு. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகும் காப்பகத்துக்குப் போவதை விடவில்லை. தூக்கிலிடப்பட்டவர்களின் வீட்டார் யாராவது விசாரித்து வந்தால் தேடிக் கொடுப்பாள். பாதிப் பேர் தாத்தா நிரபராதி என்று அவள் வாயால் கேட்கத்தான் வருவார்கள். இருப்பதைத்தான் சொல்ல முடியும் என்று அவள் கையை விரித்தால் கோபித்துக்கொண்டு போவார்கள்.

தையல்காரம்மா அப்படி வரவில்லை. எழுபதைத் தாண்டியவர். அவர் வயிற்றில் இருந்தபோதே அப்பாவைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். கப்பல் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை என்று சொல்லியே அம்மா வளர்த்திருக்கிறாள். அம்மா காலமான பிறகு அத்தைதான் விஷயத்தை உடைத்திருக்கிறாள்.

"என்ன செஞ்சாருன்னு எனக்கு வேணாம்மா. எங்க புதைச்சாங்கன்னு மட்டும் சொல்லு."

கோப்பு சீக்கிரமே கிடைத்தது. திருடப் போன துணிக்கடையில் காவலாளியைக் கொன்றிருந்தார் அந்த மனிதர். படித்ததை அவள் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். புதைத்த இடத்தைப் பற்றி, மதிலுக்குள் வடக்கு ஓரம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மதிலே இல்லாதபோது எந்த ஓரத்தைத் தேடுவது? சிறை இருந்த இடத்தில் பாதி பேருந்துப் பணிமனை, மீதி பள்ளிக்கூட மைதானம்.

அவள் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் கணவர்தான் வழி சொன்னார். "கட்டடத்த இடிப்பாங்க. மண்ணுக்குள்ள கிடக்கிற குழாய எவன் தோண்டி எடுப்பான்? சாக்கடை ஆபீஸ்ல போய்க் கேளு."

பாதாளச் சாக்கடை அலுவலகத்துப் பொறியாளர் பழைய வரைபடத்தைத் தூசி தட்டி விரித்தார். சிறைக்குள் நேராக வந்த குழாய் வடக்கு மதிலை நெருங்கும் இடத்தில் ஒரு செவ்வகத்தைச் சுற்றி வளைந்து, தாண்டியதும் மறுபடி நேராகப் போனது. இங்கே ஏன் வீணாகச் சுற்றவிட்டார்கள் என்று தங்களுக்கே விளங்கவில்லை என்றார் பொறியாளர். அவளுக்கு விளங்கியது. குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள், பிணம் புதைத்த அந்த மண்ணைத் தொட மனம் வராமல் விலகிப் போயிருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் அவளும் தையல்காரம்மாவும் மைதானத்துக்குப் போனார்கள்.

"இந்தத் தண்ணித் தொட்டியிலேருந்து அந்த வேலி வரைக்கும், இதுக்குள்ள எங்கயோதான். அதுக்கு மேல எனக்குத் தெரியலக்கா" என்றாள். ஏதாவது ஓர் இடத்தைக் கைகாட்டியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவளுக்குத்தான் மனசு வரவில்லை.

"சின்ன வயசுல கடல் முழுக்கத் தேடினேன். அப்புறம் இந்த ஊரு முழுக்க. இப்ப இவ்வளவுதானே" என்று சொல்லித் தையல்காரம்மா புல்லில் உட்கார்ந்தார். கையால் புல்லைத் தடவினார். பிறகு கேட்டார்:

"சும்மா தூக்குல போட்டிருக்க மாட்டாங்க. எங்கப்பா கையால செத்தவருக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

நேராகக் கேட்டபின் மறைக்க முடியவில்லை. "ஒரு பொண்ணு. அப்ப கைக்குழந்தை."

"அவளையும் தேடிப் பாரு."

தேடினாள். அடுத்த மழைக்காலத்தில்தான் விலாசம் கிடைத்தது. நகரத்தின் மறுகோடியில், மகள் வீட்டில் இருந்தார் அந்தப் பெண்மணி. வந்த விஷயத்தைச் சொன்னதும் முழுவதையும் நின்றபடியே கேட்டார். "அவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா பார்க்க வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இதைப் போய் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டாள். கடைசியில் தையல் கடைக்குப் போய் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் முகம் வாடவில்லை.

"நியாயந்தான். பார்க்க எப்படி இருந்தா?"

"உங்க வயசுதான்க்கா. முழங்கால் வலி போல. கதவைப் புடிச்சுக்கிட்டே நின்னாங்க."

தையல்காரம்மா நூல்கண்டை எடுத்தார். "பாவம், அவளை உட்காரச் சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்ல நீ" என்று கடிந்துகொண்டு, ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தார்.