திருட்டு சஹர்

கண்ணுகளா, பெருநாள் முடிந்த பிறகும் அத்தா நான் ஏன் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விளக்கைப் போடுகிறேன், தூக்கம் கெடுகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் நேற்று என்னிடம் சண்டை பிடித்தீர்கள். வாயால் சொல்ல எனக்குச் சரியாக வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்படி. என் அத்தாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஆர்டர் நிறைய வந்துவிட்டால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். வந்து சோறாக்கிப் போட்டுவிட்டு, மூட்டையாகக் கொண்டுவந்த பனியன்களில் பிசிறு வெட்ட உட்கார்ந்துவிடுவாள். அக்காவும் ஒரு கத்தரியை எடுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் அன்று நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தால், "இந்தக் கட்டு முடியட்டும் கண்ணு" என்பாள் அம்மா. கட்டு முடிவதற்குள் நான் தூங்கிப்போவேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். நடுராத்திரியில் விழிப்புத் தட்டியது. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். அடுப்படிப் பக்கம் லேசான வெளிச்சம். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு வைப்பார்கள் அல்லவா, அம்மா அதை வைக்கிறாள். எங்களை எழுப்பாமல், நோன்பு வைக்க விடியுமுன் உண்ணும் சஹரைத் தனியாகச் சாப்பிடுகிறாள். தயிர்ச் சோறு, அதில் பிசைந்த பூவன் பழம், மேலே சர்க்கரை. சின்னப் பிள்ளைகளுக்கு நோன்பைவிட சஹர்தான் பெரிது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் எழுப்பாமல் விட்டதற்குப் போன மாதம் வீட்டை இரண்டாக்கியவர்கள்தானே நீங்கள்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்துக் கிடந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றேன்.

"எனக்கெங்க தயிர்ச் சோறு?"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். தொழுகைக்காகக் கழுவி ஒளுச் செய்த முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பனியன் துணியில் அவளே தைத்த மக்கனாவைத் தலையில் போடப் போனவள், அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடப்பாவி, சோத்துக்கா எந்திரிச்ச? நான் தஹஜ்ஜத் தொழப் போறன்டா."

"அதென்னது? நோன்புதான் முடிஞ்சுபோச்சே."

"ஊரே தூங்கறப்ப எந்திரிச்சுத் தொழறது. இந்த நேரத்துல நம்மள யாரும் கூப்புட மாட்டாங்க கண்ணு. அல்லாவும் நானும் மட்டுந்தான்."

"நானும் இருக்கறேன்" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

பிசிறு மூட்டை இல்லை, அடுப்பு எரியவில்லை, அம்மாவின் இரண்டு கையும் சும்மா இருந்தன. விடுவேனா? பல நாளாகச் சேர்ந்து கிடந்த கதைகளை அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் உட்காருகிறவன் என் ரப்பரைத் தின்ற கதைதான் முதலில்.

"நெசமாவே தின்னானா?"

"பாதி தின்னான்மா."

"மீதி?"

"எச்சியைத் தொடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டான்."

விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினேன். அம்மா மக்கனாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பத்து நாள் போயிருக்கும். லைன் வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா முன்பக்கத்தில் எருமை வைத்திருந்தார். அம்மாவும் நானும் பால் வாங்கப் போனபோது பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, முன்னெல்லாம் வெடியறதுக்கு முன்னாடி நீ ஓதற சத்தம் கேக்கும். அதக் கேட்டுத்தான் நானே எந்திரிப்பேன். இப்ப உம்பையன் ரேடியோல்ல பாடுது! ரப்பர் தின்ன பையன் கதை எனக்கே மனப்பாடமாயிப்போச்சு."

"அவன் சின்னப் பையன்தானுங்க. வேற எப்பத்தான் பேசுவான்."

"அவன் பேசட்டும். நீ எப்பத்தான் உஞ்சாமியக் கும்புடுவ?"

அம்மா சிரித்தாள். பால் செம்பை வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். என் கதை அடுத்த வீடுவரை போயிருக்கிறதே! அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"லூசு. நீ பேசப்பேச அம்மா எப்படித் தொழும்? பத்து நாளா அது தொழவே இல்லடா."

"நானா வேண்டான்னேன்?"

"பகலெல்லாம் நின்னுக்கிட்டே வேலை. சூப்பர்வைசர்கிட்டப் பேச்சு வாங்கணும். அந்த ஒரு மணி நேரந்தான் அதுக்குச் சந்தோஷம். ரப்பரைத் தின்னானாமா! நீ அதத் தின்னுட்டயேடா."

அன்றைக்கென்று பார்த்து என்னிடம் பெரிய செய்தி இருந்தது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருந்தேன். ராத்திரி அம்மாவிடம் சொல்லலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தானாகவே விழிப்பு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நின்றது. அம்மா என் தலைமாட்டில் வந்து குனிந்தாள்.

"கண்ணு, எந்திரிக்கலையா? இன்னிக்கென்ன கதை?"

போர்வை நுனியைக் கடித்துக்கொண்டேன். அம்மா என் தலையைத் தடவினாள். பிறகு போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

ஓத ஆரம்பித்தாள். முதலில் முனகல்போல இருந்தது. போகப்போகக் குரல் இளகி, நெடுநாள் கழித்து வந்த தோழியிடம் ரகசியம் பேசும் பெண்பிள்ளையின் குரலாகிவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் "காலு கடுக்குது" என்று சுவரைப் பிடிக்கிறவள், நின்றுகொண்டே இருந்தாள். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தவள் வெகுநேரம் எழவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். தலையைத் தூக்கியபோது கன்னமெல்லாம் ஈரம். முகமோ, பெருநாள் காலையில் புதுத்துணி கிடைத்த பிள்ளையின் முகம்.

நான் பேசாமல் கிடந்ததால்தான் அம்மாவுக்கு இத்தனை சந்தோஷம் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. கதை கேட்க என்னை எழுப்ப வந்தவளும் அங்கே நெற்றியை வைத்துக் கிடந்தவளும் ஒரே அம்மாதான் என்பது அந்த வயதில் எட்டவில்லை. என் ரப்பர் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்து இரவுகளை அல்லாஹ் எந்தக் கணக்கில் எழுதியிருப்பான் என்றும் யோசிக்கத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாருமில்லை. அத்தா டீக்கடைக்குப் போயிருந்தார், அக்கா மதரஸாவுக்கு. சாயங்கால அஸர் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. கை, கால், முகம் கழுவிவிட்டு அம்மாவின் தொழுகைப் பாயை விரித்தேன். குர்ஆனில் எனக்குத் தெரிந்த இரண்டு சின்ன சூராக்களை ஓதினேன். ஸஜ்தாவில் சொல்ல வேண்டியதை மூன்று முறை சொன்னேன். அதற்குப் பிறகும் எழ மனம் வரவில்லை. தொழுகைக்குள் நம் சொந்தப் பேச்சைப் பேசக் கூடாது என்று மதரஸா ஹஜ்ரத் சொல்லித் தந்ததெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். மறுபடியும் நெற்றியைப் பாயில் வைத்து, ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.