திறந்து கிடந்த பெட்டி

எங்கள் குலதெய்வத்திற்குச் சிலை கிடையாது. பீடத்தின்மேல் வீற்றிருக்கும் ஒரு மரப்பெட்டியே அம்மன். ஆண்டுக்கு ஒருமுறை, மாசிச் சிவராத்திரியன்று, பூசாரி தம் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அதைத் திறப்பார். பெட்டிக்குள் பெண்கள் பார்க்கக் கூடாது. பார்த்த ஆண்கள் தாம் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. ஊர்ச் சிவன் கோயிலில் நாள்தோறும் பதிகம் ஓதுகிறவன் நான். வாய் திறந்து பாடியே இறைவனை அடையலாம் என்று நம்பி மூத்தவன். ஆயினும், வாய் கட்டி வணங்கும் அந்த ஓர் இரவின் முன் என் பாட்டெல்லாம் ஒடுங்கிவிடும்.

அந்தப் பழைய பெட்டி இப்போது எங்களிடம் இல்லை. பூசாரிப் பட்டம் யாருக்கு என்று பங்காளிகளுக்குள் அரிவாள் எடுக்கும் அளவுக்குச் சண்டை முற்றியபோது, அதிகாரிகள் அதைக் கைப்பற்றி, ஒரு பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். அப்போது பூசாரியாக இருந்தவர் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெட்டி போன சூட்டிலேயே, அம்மனின் வெள்ளிக் கண்மலர் இரண்டையும் அவர் முன்னதாக எடுத்து விற்றுவிட்டார் என்ற பேச்சு கிளம்பிற்று. கிளப்பியவர் இன்றைய மூத்த பங்காளியின் தகப்பனார். பட்டம் அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. புதுப் பெட்டியும் புதுக் கண்களும் செய்தார்கள். அண்ணன் வீட்டில் கோயில் வரி வாங்குவதை நிறுத்தினார்கள். வரி வாங்காத வீட்டாருக்கு அந்தக் கோயிலில் திருநீறு இல்லை. பிள்ளைகளுக்கு முடி இறக்க, காது குத்த இடமும் இல்லை. அண்ணன் இறந்தபோது பாடை தூக்க அடுத்த தெருவிலிருந்து ஆள் அழைத்து வந்தோம்.

அண்ணனின் மனைவி, என் மதினி, இருந்தார். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இன்னும் காது குத்தவில்லை. அம்மன் முன்னிலையில் குத்தாத காது காதல்ல என்பது மதினியின் உறுதி. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்கு ‘மூளி’ என்றே பெயர். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி, “ஏன் ஆத்தா, ஒம் பேத்திக்குத் தோட்டுக்கு வக்கில்லையா, காதுக்கு வக்கில்லையா?” என்று கேட்க, இலை வரிசை முழுதும் சிரித்தது. மதினி பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

இந்நிலையில், அருங்காட்சியகத்திலிருந்து மூத்த பங்காளிக்குத் தகவல் வந்தது. பின்கட்டில் உள்ள பொருள்களை ஒழுங்குசெய்கிறார்களாம்; எது எதற்கு ஆகும் என்று ஊர்க்காரர்களே வந்து சொன்னால் நல்லதாம். அவரும் அவர் தம்பியும் நானும் போவதென்று முடிவாயிற்று. விடியற்காலையில் வேனருகே சென்றபோது, கடைசி இருக்கையில் மதினி உட்கார்ந்திருந்தார்.

“கண்ணு உள்ள இருந்துச்சுன்னு ஒரு வார்த்த, அது போதும் எனக்கு. பாத்துட்டு வந்து நீங்க ஒங்க வாயால சொல்லுங்க மச்சான். நான் வாசல்லயே நிக்கிறேன்,” என்றார் மூத்த பங்காளியிடம்.

மூத்த பங்காளி தம்பியைப் பார்த்துச் சிரித்தார். “வரட்டும்ப்பா. ஆண்டிபட்டிக் கணவாயத் தாண்டி என்ன பாத்திருக்கு அது. ஊரச் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு.”

அருங்காட்சியகத்தின் முன்பகுதி, கண்ணாடியும் விளக்குமாகக் கண்ணுக்கு இனியது. பின்பகுதி அப்படியன்று. இரும்புக் கதவைத் திறந்து படியிறங்கினால் நாப்தலின் நெடி. மூத்த பங்காளி பழக்கத்தில் செருப்பைக் கழற்ற, காப்பாளரான இளம்பெண், “போட்டுக்கங்க ஐயா, தரையில பூச்சி மருந்து அடிச்சிருக்கோம்,” என்றார். மதினி கதவுக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டார்.

உள்ளே தண்டவாளத்தின்மேல் நகரும் அலமாரிகள். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் இரண்டு அலமாரிகள் விலகி வழிவிடும். திருப்பிச் சுற்றினால் நடுவில் உள்ளவை இருளில் நெரிபடுவதுபோல் மூடிக்கொள்ளும். மீன்கூடை, முரசு, தாழி, முகமூடி, மரக்குதிரையின் தலை, யாரோ கும்பிட்ட வேல். ஒவ்வொன்றுக்கும், பிணவறையில் கால்விரலில் கட்டுவதைப் போல, நூலில் ஒரு சீட்டு. எத்தனை ஊர்களின் தெய்வங்கள் அங்கே தம் அடியார் முகம் காணாமல் கிடந்தன என்று எண்ணியபோது எனக்குப் பதிகம் ஒன்றும் வரவில்லை.

எங்கள் பெட்டி ஒரு மேசைமேல் திறந்து கிடந்தது. மூடியைத் தனியாக வேறு தட்டில் வைத்திருந்தார்கள். அம்மனின் பட்டுத்துணியைப் பல நாள் குளிர்பெட்டியில் உறையவைத்துப் பூச்சிகளைக் கொன்றதாகக் காப்பாளர் சொன்னார். நீலக் கையுறையும் முகக்கவசமும் அணிந்திருந்தார். வாய் கட்டிய ஒரு பெண், எங்கள் அம்மனின் உடைமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மூத்த பங்காளி அதற்கு மறுப்பேதும் சொல்லவில்லை.

“இது சேமக்கலம். பூசைக்கு முன்னாடி அடிக்கிறது,” என்றார் அவர். “இது சாமியாடி கையில குடுக்குற சாட்டை. இது சலங்கை.” கேட்டதற்கெல்லாம் தாராளமாகவே விளக்கினார்.

பிறகு காப்பாளர் வெண்ணிறப் பஞ்சுமெத்தையில் பதித்த இரண்டு வெள்ளித் தகடுகளை நகர்த்தி வைத்தார். “இது ரெண்டும் என்னன்னு எங்களுக்குத் தெரியலைங்க. பெட்டி இங்க வந்த அன்னைக்கே பட்டுக்குள்ள சுருட்டி இருந்திருக்கு.”

இமைப்பில்லாத அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. வலக்கண்ணின் ஓரத்தில் ஒரு நெளிவு உண்டு. என் இளமையில் ஒரு சிவராத்திரியன்று அண்ணன் கைதவறிப் பீடத்தில் விழுந்து நெளிந்தது அது. மூத்த பங்காளியும் அன்று என் அருகில்தான் நின்றார்.

“தெரியலம்மா. நாங்க பாத்தது இல்ல,” என்றார் அவர். தம்பி கூரையைப் பார்த்தார்.

“அண்ணே, அது கண்மலர்தான்,” என்றேன்.

“நீ பதிகம் பாடுறவன். அதக் கோயில்ல பாடு,” என்று சொல்லி, வெளியே நடந்தார்.

மதினி கைகூப்பியபடி நின்றிருந்தார். “இருக்கா மச்சான்?”

“பெட்டிக்குள்ள பாத்தத வெளிய சொல்லப்படாது. பூசாரி பொண்டாட்டிக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?”

சேமக்கலத்தையும் சாட்டையையும் ஓர் அந்நியப் பெண்ணுக்கு விளக்கிவிட்டு வந்த அதே வாய் அது.

பின்னால் வந்த காப்பாளருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கைபேசியில் ஒரு படத்தை எடுத்து, “பாட்டி, நீங்க கேட்டது இதுவான்னு பாருங்க,” என்று நீட்டினார். மதினி சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“வேணாந் தாயி. நான் பாத்தேன்னு வச்சுக்க, புருசன் திருடுனான், பொண்டாட்டி பெட்டிக்குள்ள பாத்தான்னு அதையும் சேத்துச் சொல்லுவாக.”

திரும்பும் வழியில் வேனுக்குள் அனைவரும் கேட்கும்படி நான் சொன்னேன்: “மதினி, ரெண்டு கண்ணும் அங்கன இருக்கு. நான் பாத்தேன்.” சொல்லக் கூடாததைச் சொன்னேன் என்பதை அறிவேன். மூத்த பங்காளி ஓட்டுநரிடம், “டீ நல்லா இருக்குற எடமாப் பாத்து நிறுத்துப்பா,” என்றார்.

மதினி சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. “நீங்க சொன்னா எம் பேத்திக்குக் காது குத்த விட்ருவாகளா கொழுந்தனாரே?”

அந்த ஆண்டும் சிவராத்திரிக்கு வரி வாங்க வந்தார்கள். மதினி வாசல் தெளித்து, தட்டில் வெற்றிலையும் பணமும் வைத்துக் காத்திருந்தார். எங்கள் வீட்டில் வாங்கியவர்கள், அவர் வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூத்த பங்காளியின் தம்பி மட்டும் நின்று, “தண்ணி தெளிச்சுக் கோலம் எல்லாம் பலமா இருக்கு, யாரு வாராக?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பின்தொடர்ந்து சென்று கண்மலர் அங்கே இருப்பதை மீண்டும் சொன்னேன். “எந்தக் கண்ணு?” என்றார்கள்.

அடுத்த வாரம் மதினி பேத்தியைத் தேனிக்கு அழைத்துச் சென்றார். துணைக்கு நானும் போனேன். ஒரு நகைக்கடையின் மேல்மாடியில், தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பெண் சுழல்நாற்காலியில் உட்கார்ந்தாள். கடை ஊழியர், “கிழக்குப் பாத்து உக்கார வைக்கவாம்மா?” என்று கேட்டார். “எங்கன பாத்து உக்காந்தா என்ன,” என்றார் மதினி. காது குத்தும் பொறி இரண்டு முறை சொடுக்கியது. அந்தப் பெண் அழவில்லை. கண்ணாடியில் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மதினி ஒருமுறைகூட அந்தக் காதுகளைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை நான் கோயிலுக்குப் போகும் வழியில், டீக்கடை பெஞ்சிலிருந்து மூத்த பங்காளியின் குரல் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றே சற்று உரக்கப் பேசினார்.

“மிஷின்ல குத்துனது எப்படிக் காதாகும்? அதுவும் மூளிதான்.”