அக்கா கையெழுத்துப் போடாத பாலிசி

அண்ணனூர்ல எங்க ஊட்டு ஜன்னலைத் திறந்தா ரயில் ஷெட்டு. மத்தியானத்துல மின்சார ரயிலுங்க அங்க வந்து சும்மா நிக்கும். அதைப் பார்த்துகினேதான் எங்க அக்கா படுத்திருந்தா. வயித்துல கேன்சரு. இனிமே செய்ய ஒண்ணுமில்ல, ஊட்டுக்குக் கூட்டினு போய் வலியில்லாம பார்த்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

சொல்றது சுலபம். கூடவே இருக்க நர்ஸம்மா, வலிக்கு நல்ல மருந்து, எல்லாத்துக்கும் துட்டு வேணுமே! அம்பத்தூர் எஸ்டேட்டுல துணி தைக்கிற கம்பெனியில எனக்கு வேலை. லீவு போட்டா சம்பளம் கட். அக்காவும் நானும் ரெண்டு பேருமே கல்யாணம் கட்டிக்கல. எனக்கு அவ, அவளுக்கு நான். அக்கா பேருல ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி இருந்துச்சு. அதைப் பாதியிலயே சரண்டர் பண்ணி, வர்ற துட்டை வாங்கினா சமாளிச்சுடலாம். ஆனா அவ கையெழுத்து வேணும்.

போடவே மாட்டேன்னுட்டா.

"அது உனக்குடி. நாமினி நீதான். நான் போனப்புறம் வாடகைக்கு இன்னா பண்ணுவ?"

"வாடகை கெடக்குது. உனக்கு வலிக்குதுல்ல?"

"எனக்கு இன்னா வலி? ஒண்ணுமில்ல போ."

பாலிசி போட்டுக் குடுத்த ஏஜென்ட் அண்ணனை வரவழைச்சேன். அவரு தலையைப் பார்த்ததும் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கினா. தூங்குறாளாம்! அவரு என்னைத் தனியா கூப்பிட்டு, "இன்னாமா அவசரம்? இப்ப சரண்டர் பண்ணா ரொம்பக் கொறைஞ்சுடும். கொஞ்சம் பொறுத்துக்கினா முழுசா உன் கைக்கு வரும்"னாரு. நல்ல மனுஷன், சொன்னதும் சரிதான். எனக்குத்தான் பத்திக்கினு வந்துச்சு.

"இன்னாத்துக்குண்ணே பொறுக்கணும்? எங்கக்கா எப்ப சாவான்னு பார்த்துகினு குந்தியிருக்கணுமா?"

பாவம், குடுத்த டீயைக்கூடக் குடிக்காம கெளம்பிட்டாரு.

இருந்த மருந்து வலியை எடுக்குதோ இல்லியோ, அவளை மயக்கத்துல ஆழ்த்தும். மத்தியானமானா அந்த மயக்கத்துலயே எங்கெங்கியோ போயிட்டு வருவா. "தண்டவாளத்துல தண்ணி வந்துடுச்சு, ரயிலுங்கல்லாம் மெதந்துகினு போவுது பாருடி"ன்னுவா. நானும் அரைத்தூக்கத்துல எட்டிப் பார்ப்பேன். கானல்ல தண்டவாளம் நெளியுறப்போ எனக்கும் அப்படித்தான் தெரியும். ஃபேன் சுத்தும், தூரத்துல ஹாரன் கேக்கும். நாங்க ரெண்டு பேரும் எந்த ஊர்ல கீறோம்னே தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம், அவ காலைப் பிடிச்சு விட்டுகினு இருந்தேன். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அம்மா"ன்னா. அம்மா செத்து எத்தினியோ வருஷமாச்சு.

"உம்"னேன்.

"வலிக்குதும்மா. தாங்க முடியல. சின்னவகிட்ட சொல்லிடாத. அவளுக்குன்னு வெச்சிருக்கிறதை எனக்கு செலவு பண்ணிடுவா."

"சொல்ல மாட்டேன் கண்ணு"ன்னு சொல்லி, அவ தூங்குற வரைக்கும் தலையைக் கோதினேன்.

சாயங்காலம் தெளிவா இருந்தா. "பாவி, அம்மாகிட்ட மட்டும்தான் வலிக்குதுன்னு சொல்லுவியா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் முழிச்சா. அப்புறம் புரிஞ்சுடுச்சு. "அம்மா சொல்லிடுச்சா? எப்பவுமே அதுக்கு நீதான செல்லம்!"னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

"நீ துடிச்சுக் கெடந்து மிச்சம் வெச்ச துட்டுல நான் சோறு துன்னா, தொண்டையில எறங்குமாக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துகினு, "அந்த ஏஜென்ட்டைக் கூப்பிடு, கையெழுத்துப் போடுறேன்"ன்னா.

துட்டு வந்துச்சு, நர்ஸம்மாவும் வந்தாங்க. மருந்தை மாத்தி, அளவைப் பார்த்துப் பார்த்துக் குடுத்தாங்க. கொஞ்ச நாள்ல ஒரு காலையில, அக்கா கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு, காலை நல்லா நீட்டிப் படுத்தா. சுருட்டிக்கினே கெடந்த உடம்பு அது.

"வலிக்குதாக்கா?"

"இல்லடி."

மூஞ்சியையே உத்துப் பார்த்தேன். நெசமாவே வலிக்கல. அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்ததெல்லாம் சேர்த்து ஓன்னு அழுதுட்டேன். இன்னிக்கோ நாளைக்கோ போயிடப் போறவ, அவதான் என்னைத் தட்டித் தட்டித் தேத்தினா.